காயம்பட்ட தசை தானாகவே வளர்கிறதே... அப்புறம் ஏன் 'ஸ்டெம் செல் ஊசி' பலிப்பதில்லை?

வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் டர்ஃபில் இறங்கி ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கு இந்த வலி நல்லா தெரியும். திங்கட்கிழமை மெட்ரோ படிக்கட்டில் இறங்கும்போது தொடை கெஞ்சும். புதன்கிழமை கொஞ்சம் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் டர்ஃப்.

நடுவில் நீங்கள் எந்த ட்ரீட்மென்ட்டும் எடுக்கவில்லை. ஆனாலும் சேதமான தசை சரியாகிவிட்டது. தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்வதில் நம் தசைக்கு இருக்கும் திறமை, மூளைக்கோ இதயத்துக்கோ கிடையாது.

இந்தத் திறமையை ஊசியில் அடைத்துக் கொடுக்கிறோம் என்று சொல்லும் விளம்பரங்கள் இப்போது போனில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. 'ஸ்டெம் செல் தெரபி', 'ரீஜெனரேட்டிவ் சிகிச்சை' என்று பெயர்கள் மாறும். ஜிம்மில் தசை பிடித்துக்கொண்டவர் முதல், தசைச் சிதைவு நோயால் நடக்க முடியாமல் போகும் குழந்தைகளின் பெற்றோர் வரை எல்லோரையும் அவை கூப்பிடுகின்றன. முதல் வகையினருக்கு நஷ்டம் கொஞ்சம் பணம். இரண்டாவது வகையினருக்கு அது சேமிப்பு, நகை, சில நேரம் வீடு.

அதனால் கேள்வியை நேராகவே கேட்டுவிடலாம். தசையில் ஸ்டெம் செல் இருக்கிறது, அது வேலையும் செய்கிறது. அதை வெளியே எடுத்து, லேபில் பெருக்கி, நோயாளிக்கு ஊசியாகப் போட்டால் ஏன் பலிப்பதில்லை? இந்தக் கேள்வியோடு விஞ்ஞானிகள் 30 வருடங்களுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை கிடைத்திருக்கும் பதிலை ஒரே வரியில் சொல்வதானால்: செல் மட்டும் போதாது, அது குடியிருக்க வீடும் வேண்டும்.

தசைக்குள் தூங்கும் ரிப்பேர் டீம்

1961-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி, தவளையின் கால் தசையை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். நீளநீளமான தசை நார்களின் ஓரத்தில், நாரோடு ஒட்டியபடி குட்டிக் குட்டி செல்கள் இருந்தன. கிரகத்தைச் சுற்றும் துணைக்கோள் போல நாரின் விளிம்பில் இருந்ததால், அவற்றுக்கு 'சாட்டிலைட் செல்' என்று பெயர் வைத்தார். தசையின் ஸ்டெம் செல்கள் இவைதான்.

சாதாரண நாட்களில் இவை தூங்கிக்கொண்டிருக்கும். தசை கிழிந்தாலோ நசுங்கினாலோ விழித்துக்கொள்ளும். முதலில் நோய் எதிர்ப்பு செல்கள் வந்து, செத்துப்போன நார்களைச் சுத்தம் செய்யும். அடுத்து சாட்டிலைட் செல்கள் வேகமாகப் பெருகி, ஒன்றோடு ஒன்று இணைந்து புது நாராக மாறும். இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பெருகிய எல்லா செல்களும் நாராக மாறிவிடுவதில்லை. சில செல்கள் மறுபடி தங்கள் பழைய இடத்துக்கே போய்த் தூங்கிவிடும், அடுத்த காயத்துக்குத் தயாராக.

இந்த டீம் எவ்வளவு பலமானது என்பதைப் பரிசோதிக்க, ஆய்வாளர்கள் எலியின் தசையில் பாம்பு விஷத்திலிருந்து எடுத்த நச்சை ஏற்றுவார்கள். நாகப்பாம்பு விஷத்தில் உள்ள கார்டியோடாக்சின் இதற்குப் பிரபலம். அது ஊசி போட்ட இடத்தில் தசை நார்களை அழித்துவிடும். ஆனால் சில வாரங்களில் அங்கே புதுத் தசை வந்திருக்கும். 2011-ல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள், மரபணு மாற்றம் மூலம் சாட்டிலைட் செல்களை மட்டும் நீக்கிவிட்டு இதையே செய்து பார்த்தன. தசை திரும்பி வளரவே இல்லை. ரிப்பேர் வேலைக்கு இந்த செல்களை விட்டால் ஆள் இல்லை என்பது உறுதியானது.

இன்னொரு ஆச்சரியம் 2005-ல் வந்தது. எலியின் ஒரே ஒரு தசை நாரை எடுத்து, அதோடு ஒட்டியிருந்த சாட்டிலைட் செல்களையும் சேர்த்து, இன்னொரு எலிக்குள் வைத்தார்கள். அந்த நாரில் வெறும் 7 செல்கள்தான் இருந்திருக்கும். அவற்றிலிருந்து 100-க்கும் மேற்பட்ட புது நார்கள் உருவாகின.

ஏழு செல்லில் நூறு நார் என்றால், சில கோடி செல்களை ஊசியில் ஏற்றினால்? இந்தக் கணக்குதான் எல்லோரையும் ஈர்த்தது.

டி.எம்.டி: ரிப்பேர் டீமே களைத்துப்போகும் நோய்

இந்த ஆராய்ச்சி அவசரமாகத் தேவைப்படுவது டூசென் தசைச் சிதைவு நோய்க்கு. சுருக்கமாக டி.எம்.டி. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது.

தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நாரின் வெளிச்சவ்வு இழுபடும். அது கிழியாமல் ஷாக் அப்சார்பர் மாதிரி தாங்கிப் பிடிப்பது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம். டி.எம்.டி உள்ள பையன்களுக்கு அந்தப் புரதம் உருவாவதில்லை. அதனால் நடப்பது, மாடி ஏறுவது என்று அன்றாட வேலைகளிலேயே தசை கிழிந்துகொண்டே இருக்கும். சாட்டிலைட் செல்களும் ஓயாமல் ரிப்பேர் செய்துகொண்டே இருக்கும். ஆனால் அவை உருவாக்கும் புது நாரிலும் அதே குறைபாடுள்ள மரபணுதானே இருக்கிறது? அதுவும் கிழியும். ஒரு கட்டத்தில் ரிப்பேர் வேலை சேதத்தோடு போட்டிபோட முடியாமல் பின்தங்கிவிடும். தசை இருந்த இடத்தில் கொழுப்பும் வடுத் திசுவும் நிரம்பும். பெரும்பாலான பையன்கள் 12 வயதை ஒட்டி வீல்சேருக்கு வருகிறார்கள். பிறகு நுரையீரலுக்கு உதவும் தசைகளும் இதயமும் பலவீனமாகின்றன.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக வரலாம். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத புது மாற்றமாகவே இது உருவாகிறது. அம்மா மீது பழி போடும் உறவினர்கள் இந்த ஒரு வரியைப் படித்தாலே போதும்.

11 கோடி செல்கள், ஆனாலும் பலம் கூடவில்லை

1989-ல் டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகளுக்கு, ஆரோக்கியமான எலியின் தசை செல்களை ஊசியாகப் போட்டது டெரன்ஸ் பார்ட்ரிட்ஜ் தலைமையிலான லண்டன் குழு. செல்கள் நோயுற்ற நார்களோடு இணைந்தன. இல்லாத டிஸ்ட்ரோஃபின் அங்கே வந்துவிட்டது. உலகம் முழுக்கப் பெரிய நம்பிக்கை. அடுத்த சில வருடங்களிலேயே மனிதர்களிடம் சோதனைகள் தொடங்கின.

அவற்றில் கவனமாகச் செய்யப்பட்ட ஒன்றின் முடிவு 1995-ல் வெளியானது. அமெரிக்காவில் டி.எம்.டி உள்ள 12 சிறுவர்கள். ஒரு கையின் பைசெப்ஸில் ஆரோக்கியமான உறவினரின் தசை செல்கள், இன்னொரு கையில் செல் இல்லாத போலி ஊசி. மாதம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 11 கோடி செல்கள், மொத்தம் 6 மாதங்கள். முடிவில் ஒரே ஒரு சிறுவனின் தசையில்தான் சுமார் 10% நார்களில் தானம் கொடுத்தவரின் டிஸ்ட்ரோஃபின் தெரிந்தது. செல் போட்ட கைக்கும் போடாத கைக்கும் பலத்தில் வித்தியாசம் இல்லை.

எலியிடம் ஜெயித்தது மனிதனிடம் ஏன் தோற்றது? பின்னால் நடந்த ஆய்வுகள் மூன்று காரணங்களைக் காட்டின.

ஒன்று, ஊசி போட்ட செல்களில் பெரும்பாலானவை முதல் சில நாட்களிலேயே செத்துவிடுகின்றன.

இரண்டு, பிழைத்த செல்கள் நகர்வதில்லை. ஊசி போன பாதையிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாண்டிப் போவதே கஷ்டம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு ஊசி என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கே சுமார் 100 குத்து. எலியின் கால் தசையில் இது சாத்தியம். ஒரு சிறுவனின் தொடைக்கு? உடம்பில் தசைகளே 600-க்கும் மேல்.

மூன்று, அடுத்தவரின் செல் என்பதால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அவற்றைத் தாக்குகிறது.

சரி, ஊசிக்குப் பதில் ரத்தத்தில் விட்டால் எல்லா இடத்துக்கும் போய்விடாதா? இத்தாலியில் ஒரு குழு, ரத்தக் குழாய் ஓரத்தில் கிடைக்கும் ஒருவகை செல்களை டி.எம்.டி உள்ள 5 சிறுவர்களின் தமனி வழியாகச் செலுத்திப் பார்த்தது. செல் கொடுத்தது, திசுப் பொருத்தம் சரியாக இருந்த அவர்களின் சகோதரர்கள். 2015-ல் வெளியான முடிவு: ஓரளவு பாதுகாப்பானது, ஆனால் தசையின் செயல்பாட்டில் முன்னேற்றம் இல்லை. சாட்டிலைட் செல்லுக்கு ரத்தத்தில் பயணம் செய்து தசைக்குள் நுழையும் பழக்கமே கிடையாது. விளம்பரங்களில் வரும் 'மெசன்கைமல்' வகை செல்களை நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்றினால், அவற்றில் பெரும்பகுதி முதலில் போய்ச் சிக்குவது நுரையீரலின் நுண்குழாய்களில்.

அப்போ ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலிக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ரத்த ஸ்டெம் செல்லை நரம்பில் ஏற்றினால், அது தானாகவே எலும்பு மஜ்ஜையைத் தேடிப் போய்க் குடியேறிவிடும். அந்த செல்லின் இயல்பு அப்படி. மஜ்ஜையில் அதற்கு இடத்தையும் மருந்து கொடுத்து முன்கூட்டியே காலி செய்து வைத்திருப்பார்கள். வீடும் தயார், வழியும் தெரியும். தசை செல்லுக்கு இந்த இரண்டுமே இல்லை.

கெட்டித் தட்டு, மெத்து மெத்தென்ற தசை

செல்கள் ஏன் இவ்வளவு வேகமாகச் சாகின்றன என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விடை வந்தது: அவற்றை வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டு.

லேபில் செல் வளர்க்கும் தட்டு, நம் தசையைவிட லட்சம் மடங்குக்கும் மேல் கெட்டியானது. அதில் போட்ட சாட்டிலைட் செல்கள் பெருகும். ஆனால் ஸ்டெம் செல் என்ற தகுதியைச் சீக்கிரமே இழந்துவிடும். எண்ணிக்கையில் கோடிக்கணக்கில் இருக்கும், உடம்புக்குள் போனால் வேலைக்கு ஆகாது.

2010-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹெலன் பிளாவ் குழு, ஆரோக்கியமான தசையின் அதே மென்மையில் ஒரு ஜெல் தயாரித்து, அதன் மேல் செல்களை வளர்த்தது. அந்த செல்களை எலிக்குள் வைத்தபோது, பிளாஸ்டிக்கில் வளர்ந்தவற்றைவிட மிக நன்றாகக் குடியேறின. செல்லில் எந்த மாற்றமும் செய்யவில்லை. படுக்கையை மட்டும்தான் மாற்றினார்கள்.

இதே பிளாவிடம் பயிற்சி பெற்ற இந்திய விஞ்ஞானி ஜோத்ஸ்னா தவன், ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் ஆய்வு செய்தவர். தசை ஸ்டெம் செல்லின் 'தூக்கம்' பற்றிய ஆய்வு அவருடைய துறை. தூக்கம் என்றால் சும்மா இருப்பது அல்ல, செல் தன் திறமையைக் காப்பாற்றி வைக்கும் ஒரு நிலை. அந்த நிலையை லேபில் எப்படித் தக்கவைப்பது என்பது இந்தத் துறையின் பெரிய கேள்விகளில் ஒன்று.

சாரம் கட்டும் டெக்னாலஜி

இங்கேதான் திசுப் பொறியியல் உள்ளே வருகிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரி, செல்கள் ஏறி வளர ஒரு சட்டகத்தை முதலில் அமைப்பது.

இது அதிகம் தேவைப்படுவது விபத்திலோ குண்டுவெடிப்பிலோ தசையின் பெரிய பகுதியையே இழந்தவர்களுக்கு. சின்னக் கிழிசலைச் சரிசெய்யும் சாட்டிலைட் செல்கள், ஒரு தசையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெயர்ந்துபோனால் திணறிவிடும். அந்தப் பள்ளத்தில் புதுத் தசை வருவதில்லை, வடுதான் வரும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பேடிலாக் வேறு ரூட் எடுத்தார். பன்றியின் சிறுநீர்ப்பை போன்ற திசுக்களிலிருந்து செல்களை எல்லாம் கழுவி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் புரதச் சட்டகத்தை மட்டும் காயத்தில் வைப்பது. வெளியிலிருந்து ஒரு செல்கூடப் போடுவதில்லை. சட்டகம் மெல்லக் கரையும்போது வெளிவரும் சிக்னல்கள், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை அங்கே வரவழைக்கின்றன. 2016-ல் வெளியான 13 பேரின் முடிவுகளில், 6 மாதங்களில் பலம் சராசரியாக 37% கூடியிருந்தது. இவர்கள் எல்லோருமே பிசியோதெரபியால் இனி முன்னேற்றமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தவர்கள். அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாட்களுக்குள் மறுபடி பிசியோதெரபி தொடங்கியதும் சிகிச்சையின் ஒரு பகுதி. ஏனென்றால் எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை, இழுபடும் விசையை வைத்துத்தான் தசை கற்றுக்கொள்கிறது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 13 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க சிகிச்சை பெறாத தனிக் குழுவும் இல்லை. நல்ல ஆரம்பம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

முழுத் தசையையே லேபில் செய்துவிட்டால்? 2015-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நெனாட் பர்சாக் குழு, மனித செல்களிலிருந்து சுருங்கி விரியும் தசையை முதன்முதலாக லேபில் வளர்த்தது. மின்சாரத் தூண்டல் கொடுத்தால் நிஜத் தசை போலவே துடித்தது. 2016-ல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஆன்டனி அடாலா குழு, 3டி பிரின்டரில் அச்சிட்ட தசையை எலிகளுக்குள் வைத்தது. இரண்டு வாரத்தில் அதற்குள் ரத்தக் குழாய்களும் நரம்பும் நுழையத் தொடங்கின.

பெரிய தடையும் இதுதான். ஒரு செல் உயிரோடு இருக்க, அதிகபட்சம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் ரத்தக் குழாய் இருக்க வேண்டும். அதைவிடத் தடிமனாகத் தசையைச் செய்தால், நடுவில் இருக்கும் செல்கள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நரம்பு வந்து இணையாவிட்டால், தசை இருந்தும் மூளை சொல்வதை அது கேட்காது. தசையை வளர்ப்பது ஒரு வேலை. அதற்குக் கரன்ட் கனெக்‌ஷனும் தண்ணீர் கனெக்‌ஷனும் கொடுப்பது அதைவிடப் பெரிய வேலை.

மருத்துவமனைக்கு முன் தட்டுக்கு வந்த தசை

ஒரு சுவாரஸ்யமான விஷயம். லேபில் வளர்த்த தசை பொதுமக்கள் முன்னால் பிரபலமானது மருத்துவத்தில் அல்ல, சாப்பாட்டில். 2013 ஆகஸ்ட்டில் லண்டனில், டச்சு விஞ்ஞானி மார்க் போஸ்ட் ஒரு பர்கரை அறிமுகம் செய்தார். மாட்டின் தசை ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த சுமார் 20,000 மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்தது. செலவு 2.5 லட்சம் யூரோ. 2020-ல் சிங்கப்பூர், லேபில் வளர்த்த கோழி இறைச்சியை விற்க அனுமதித்த முதல் நாடானது.

பர்கரில் முடிந்தது மருத்துவத்தில் ஏன் முடியவில்லை? பர்கருக்கு ரத்த ஓட்டம் வேண்டாம், நரம்பு வேண்டாம், அது சுருங்கி விரியவும் வேண்டாம். மெல்லிய இழைகளைத் தனித்தனியாக வளர்த்துச் சேர்த்தால் போதும். உங்கள் தொடையில் அப்படிச் சேர்க்க முடியாது.

நம்பிக்கை எங்கே இருக்கிறது?

சின்னத் தசைகளில் இருக்கிறது. தொண்டைத் தசையும் கண் இமையும் தளர்ந்துபோகும் ஒரு அரிதான பரம்பரை நோய் உண்டு. அந்த நோயாளிகள் 12 பேருக்கு, அவர்களின் உடம்பிலேயே பாதிக்கப்படாத தசையிலிருந்து செல் எடுத்து, லேபில் பெருக்கி, தொண்டைத் தசையில் ஊசியாகப் போட்டது ஒரு பிரெஞ்சுக் குழு. 2014-ல் வெளியான முடிவில், 10 பேருக்கு விழுங்கும் திறன் மோசமாகாமல் நின்றது. சொந்த செல், சின்ன இடம், ஊசி எட்டும் தூரம். மூன்று தடைகளும் குறைந்தபோது பலன் எட்டிப் பார்த்தது.

அடுத்தது ஐ.பி.எஸ் செல். ஜப்பானின் ஷின்யா யமனாகா, சாதாரணத் தோல் செல்லைக் கரு நிலை செல் போல மாற்றலாம் என்று 2006-ல் எலியிடமும் 2007-ல் மனித செல்லிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு. நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ வேண்டிய அளவு தசை செல் செய்துகொள்ளும் வழி இது. 2018-ல் பர்சாக் குழு இந்த செல்களிலிருந்தும் சுருங்கும் தசையை உருவாக்கியது. இதன் உடனடிப் பயன் மருந்து சோதனை: ஒரு நோயாளியின் தசையையே லேபில் வளர்த்து, மருந்தை முதலில் அதில் போட்டுப் பார்க்கலாம்.

'அனுமதி கிடைத்துவிட்டது' என்றால் முடிந்ததா?

இல்லை. இதற்கு ஜப்பானின் 'ஹார்ட்ஷீட்' நல்ல உதாரணம். இதயம் பலவீனமானவரின் தொடைத் தசையிலிருந்து செல் எடுத்து, தாள் போல வளர்த்து, இதயத்தின் மேல் ஒட்டும் சிகிச்சை. 7 நோயாளிகளிடம் செய்த சோதனையை வைத்து, 2015-ல் ஜப்பான் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. பிறகு அதிகமான நோயாளிகளின் டேட்டாவைக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. 2024-ல் அந்த டேட்டாவைப் பார்த்த நிபுணர் குழு, பலன் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. நிரந்தர அனுமதி கிடைக்கவில்லை. தயாரிப்பாளரான டெருமோ நிறுவனம் விற்பனையை முடித்துக்கொண்டது.

ஜிம், கிரிக்கெட் பார்ட்டிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. ஸ்போர்ட்ஸ் கிளினிக்குகளில் பிரபலமான பி.ஆர்.பி ஊசி ஸ்டெம் செல் அல்ல. உங்கள் ரத்தத்தின் பிளேட்லெட்டைச் செறிவாக்கிப் போடுவது. தொடையின் பின்பக்கத் தசை கிழிந்த 80 விளையாட்டு வீரர்களிடம் நெதர்லாந்தில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். 2014-ல் வெளியான முடிவு: மைதானத்துக்குத் திரும்ப இரண்டு குழுவுக்குமே ஆனது 42 நாள்தான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஐ.சி.எம்.ஆரும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ரத்தம் தொடர்பான குறிப்பிட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர, மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. முறையான அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையில் மட்டுமே அதைச் செய்யலாம். 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளும், ஸ்டெம் செல்லிலிருந்து தயாராகும் பொருளைப் 'புதிய மருந்து' என்றே வகைப்படுத்துகின்றன.

அதனால் யாராவது தசைக்கு ஸ்டெம் செல் சிகிச்சை தருகிறேன் என்றால், இவற்றைக் கேளுங்கள்:

1. இது மருத்துவப் பரிசோதனையா? என்றால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டான சி.டி.ஆர்.ஐ-யில் இதன் பதிவு எண் என்ன? அந்த எண்ணை நீங்களே ஆன்லைனில் தேடிப் பார்க்கலாம்.

2. எதற்குப் பணம்? ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் அந்தச் சோதனை சிகிச்சைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றாலே யோசிக்க வேண்டும்.

3. என்ன செல், யாருடையது, எப்படித் தசைக்குப் போகும்? 'டிரிப்ஸில் ஏற்றுவோம், அது தானா போயிடும்' என்பது பதிலே இல்லை.

4. ஒப்பீட்டுக் குழுவோடு செய்த ஆய்வு எங்கே வெளியாகியிருக்கிறது? வாட்ஸ்அப்பில் வரும் 'முன்பு, பின்பு' வீடியோ ஆய்வு அல்ல.

5. ஒரே சிகிச்சை ஆட்டிசம், சர்க்கரை நோய், முதுகுத் தண்டுக் காயம், தசைச் சிதைவு எல்லாவற்றுக்கும் தருகிறார்களா? அப்படியானால் எழுந்து வந்துவிடலாம்.

'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே' என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண் நோய்க்காக, கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்' ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட 3 பெண்கள் பெருமளவு பார்வையை இழந்தது 2017-ல் மருத்துவ இதழில் பதிவானது.

முறையாகச் செய்தால் நம் ஊரிலும் முடியும் என்பதற்கு வேலூரே சாட்சி. அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் சி.எம்.சி மருத்துவமனையும், கடுமையான ஹீமோஃபீலியா உள்ள 5 பேரின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களில் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தின. சிகிச்சைக்குப் பிறகான கண்காணிப்புக் காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் அது வெளியானது. அங்கேயும் பயன்பட்டது, மஜ்ஜைக்குத் தானே வழி கண்டுபிடிக்கும் ரத்த ஸ்டெம் செல்தான்.

தசைக்கும் ஒருநாள் அது வரலாம். அதுவரை டி.எம்.டி உள்ள குழந்தைக்கு ஆயுளையும் நடையையும் நீட்டித்திருப்பவை விளம்பரத்தில் வராத விஷயங்கள்: சரியான மரபணு பரிசோதனை, டாக்டர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு, தினசரி பிசியோதெரபி, வருடந்தோறும் இதயப் பரிசோதனை, தேவைப்படும் நேரத்தில் இரவு நேர சுவாசக் கருவி. முன்பு பதின்பருவத்தைத் தாண்டாத பையன்கள், இப்போது இந்தக் கவனிப்பால் இருபதுகளின் கடைசியையும் முப்பதுகளையும் பார்க்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் எதுவும் ஊசிக்காகக் கடன் வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தால், அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.